மயஸ்தீனியாவுக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பே போடச் சொல்வது ஏன்?

உங்கள் அம்மாவுக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற, தசைகள் சீக்கிரம் ஓய்ந்துபோகும் நோய், பைரிடோஸ்டிக்மின் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொன்னார் டாக்டர், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் வயிறு அல்ல, தாடை.

இந்த நோயில், தசையை இயக்க நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும், தசையில் உள்ள ஏற்பிகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. முதல் இட்லி சுலபமாக இறங்கும். மூன்றாவதில் தாடை ஓய்ந்துவிடும், தண்ணீர் புரையேறும். அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் இந்த மாத்திரை தடுக்கிறது. வேலை செய்ய அரை மணி முதல் முக்கால் மணி ஆகும், மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். அந்த நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

வயிற்றைப் பிசைவது, பேதி, எச்சில் ஊறுவது எல்லாம் இதோடு வரலாம். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் ‘இன்னும் தெம்பு வரட்டும்’ என்று நீங்களாகக் கூட்டிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் இதே மருந்தே தசையைத் தளர்த்திவிடும்.

அப்புறம், காய்ச்சல் என்று மருந்துக்கடையில் கேட்டு சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது இவர்களுக்கு ஆபத்து. மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.