உயில், கோர்ட், பாட்டு, மூக்குத்தி: தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் தமிழுக்கு உள்ள இடம் பற்றிக் கேள்வி பதில்

செல்வி, ஃபீனிக்ஸ்: ஐயா, எங்க ஆயாவுக்கு இங்கிலீஷ் எழுத வராது. தமிழ்ல உயில் எழுதலாமா? கைநாட்டுதான் வைப்பாங்க.

எழுதலாம்மா. 1953ஆம் ஆண்டு உயில் சட்டம் இன்ன மொழியில்தான் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. கையெழுத்து விஷயத்தில்தான் அது கறார். கடைசி வரிக்குக் கீழே ஆயா கைநாட்டு வைக்க வேண்டும். ஒரு தாளுக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு தாளிலும். 14 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து பார்த்து, ஆயா முன்னாலேயே கையெழுத்திட வேண்டும். சாட்சிகளுக்குக் கைநாட்டு கிடையாது. ஆயா கைநாட்டு வைப்பதால் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ், அதாவது சத்தியப்பிரமாணம் செய்துவைக்கும் அதிகாரி, ஒருவரும் தேவை. ஆள் இன்னார், உயில் அவருடையது என்று தெரிந்துகொண்டதாக அவர் உயிலிலேயே சான்று எழுதி, மற்றத் தாள்களிலும் கையெழுத்திட வேண்டும். இதை விட்டுவிட்டால் பிறகு, குறையுள்ள உயிலையும் ஏற்க வழி சொல்லும் 2(3) பிரிவைப் பிடித்துக்கொண்டு ஹைகோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

உயிலால் சொத்து பெறப் போகிறவரும் அவர் கணவனோ மனைவியோ சாட்சியாக நிற்க வேண்டாம். உயில் நிற்கும், அவர் பங்கு போய்விடும்.

தமிழில் எழுதும்போது உறவுமுறையில் கவனம். ஆயா 'தம்பி' என்பது கூடப் பிறந்தவராகவும் இருக்கலாம், சித்தப்பா மகனாகவும் இருக்கலாம். இங்கிலீஷில் 'பிரதர்' என்று ஆகிவிட்டால் சொத்து வேறு ஆளுக்குப் போகும். 'மாமா'வும் அப்படித்தான். முழுப்பெயரும் அடையாள எண்ணும் எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பை ஹைகோர்ட்டில் பதிவான சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.

முருகன், லெனேசியா: தென்னாப்பிரிக்காவில் தமிழ் ஆட்சிமொழி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரிதானே?

இல்லை. ஆட்சிமொழிகள் 12. பன்னிரண்டாவதாக 2023இல் சேர்ந்தது சைகைமொழி.

சரவணன், வெருலம்: கோயில் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பி ஒருவர் மேல் கேஸ். கோர்ட்டில் தமிழில் பேச உரிமை உண்டா?

அரசியலமைப்பு 35(3)(k) பிரிவைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரிகிற மொழியில் விசாரணை நடக்க வேண்டும். அது நடைமுறையில் முடியாவிட்டால் அந்த மொழிக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். அளவுகோல் 'புரிகிற மொழி', தாய்மொழி அல்ல. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர் இதை வைத்துத் தமிழ் கேட்க முடியாது. சிற்பிக்குத் தெரியாது என்றால் முதல் நாளே, குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வதற்கு முன், மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிடுங்கள். சொந்தக்காரரை மொழிபெயர்க்க விட வேண்டாம்.

2017 முதல் கோர்ட் பதிவுமொழி இங்கிலீஷ் ஒன்றே. மொழிபெயர்ப்பாளர் சொன்னது பதிவில் நிற்கும், சிற்பி சொன்ன தமிழ் நிற்காது. 'கொன்னுடுவேன்' என்று அதட்டியது அப்படியே சொல்லுக்குச் சொல் மாறினால் கொலை மிரட்டலாகப் படிக்கப்படும். தவறு காதில் பட்டவுடன் வக்கீல் எழுந்து சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அப்பீலில் போய்ச் சொன்னால் கையில் ஆதாரம் இருக்காது.

கணேஷ், டோங்காட்: அண்ணா, எங்க தெருக்கூத்தில் நடுவே கண்ணதாசன் பாட்டு பாடலாமா?

இங்கே 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டு வரை உரிமை இருக்கும். கண்ணதாசன் மறைந்தது 1981. வரிகளுக்கு 2031 கடைசி வரை. மெட்டு எம்.எஸ்.விஸ்வநாதனுடையது என்றால், அவர் மறைந்தது 2015. மெட்டுக்கு 2065 வரை. வரியும் மெட்டும் தனித்தனிச் சொத்து, பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நேரடியாகப் பாடினால், பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர் சார்பில் உரிமம் தரும் சாம்ரோ அமைப்பிடம் வாங்க வேண்டும். ரெக்கார்டு போட்டு ஆடினால், ஒலிப்பதிவுக்கு உரிமம் தரும் சாம்ப்ராவிடமும் வாங்க வேண்டும். வீடியோவை இந்தியாவில் பார்க்கும்படி ஏற்றினால் அங்கே 60 ஆண்டுக் கணக்கு.

பரம்பரைக் கூத்துப் பாட்டு யாருக்கும் தனிச் சொத்தல்ல. பாரதியார் 1921இலேயே மறைந்தவர், வரிகளைத் தாராளமாகப் பாடுங்கள். பின்னால் ஒருவர் போட்ட மெட்டுக்கு மட்டும் தனி உரிமை உண்டு.

தேவி, சாட்ஸ்வர்த்: பள்ளியில் மகளின் மூக்குத்தியைக் கழற்றச் சொல்கிறார்கள்.

2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்த பிள்ளை வழக்கு இதேதான், டர்பன் பள்ளி. சமயக் கட்டாயமாக இல்லாமல் விரும்பிக் கடைப்பிடிக்கிற பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. விதிவிலக்கு கேட்டுப் பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். உங்கள் குடும்பத்தில் மூக்குத்தி எப்போது, ஏன் குத்துவார்கள் என்பதையும் எழுதுங்கள். வெறும் அழகுக்கு என்றால் இந்தத் தீர்ப்பு உதவாது.

ராஜ், பீட்டர்மாரிட்ஸ்பர்க்: 'கவுண்டர்' எப்படியோ 'கோவெண்டர்' ஆகிவிட்டது. திருத்தலாமா?

உள்துறை அலுவலகத்தில் கேளுங்கள். 1992ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 26ஆம் பிரிவு. தக்க காரணம் காட்ட வேண்டும்.

மாலா, போர்ட் லூயி: எங்கள் மொரீஷியஸில் ரூபாய்த் தாளிலேயே தமிழ் இருக்கிறதே, அங்கே ஆட்சிமொழிதானே?

அதே கேள்வி, வேறு நாடு. இல்லை அம்மா. மொரீஷியஸ் அரசியலமைப்பின் 49ஆம் பிரிவுப்படி சட்டசபையின் மொழி ஆங்கிலம், பிரெஞ்சிலும் பேசலாம். 1998இல் புதிய தாள்களில் தமிழ் இந்திக்குக் கீழே போனபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த இடத்தைக் காத்தது மக்கள் போராட்டம், ஆட்சிமொழிப் பிரிவு அல்ல.

முருகன்: ஐயா, தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில் 'தமிழ்' என்று பெயர் போட்டே இருக்கிறது. நீங்கள்தான் குறைத்துச் சொல்கிறீர்கள்.

பிரிவைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 6(5) மொழி வாரியத்துக்கு இரண்டு வேலை வைக்கிறது. (அ)வில் ஆட்சிமொழிகள், கோய், நாமா, சான் மொழிகள். இவற்றின் வளர்ச்சிக்கும் பயன்பாட்டுக்கும் வழி செய்ய வேண்டும். (ஆ)வில் ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துகீஸ், தமிழ், தெலுங்கு, உருது. இவற்றை ஊக்குவித்து மதிப்பை உறுதிசெய்ய வேண்டும். 'பயன்பாடு' என்ற சொல் நம் பக்கம் இல்லை.

முருகன்: அப்படியானால் அந்த வரியால் என்ன பயன்?

பயன் உண்டு, தம்பி. இரண்டு வேலைக்கும் முன்னால் நிற்கும் சொல் 'வேண்டும்', 'செய்யலாம்' அல்ல. தமிழ் வகுப்புக்கோ கூத்து விழாவுக்கோ உதவி கேட்டு வாரியத்துக்கு எழுதும்போது 6(5)(b), அதாவது மேலே சொன்ன (ஆ), என்று பிரிவைக் குறிப்பிட்டு, சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். சங்கம் வைத்து மொழியைப் புழங்க 31ஆம் பிரிவு உரிமை தருகிறது, அதையும் சேருங்கள். தமிழை 'ஆட்சிமொழி' என்று எழுதாதீர்கள். படிக்கிற அதிகாரி அந்த வரியிலேயே கடிதத்தை மூடிவிடுவார்.

குமார், லேடிஸ்மித்: தமிழ் இங்கே ஆட்சிமொழியா?

மேலே முருகனுக்கு எழுதியதைப் படியுங்கள்.