சவரக்கத்தியின் வாய் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சவரக்கத்தி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. இங்கே இங்கிலாந்தில், லீட்ஸ் பக்கத்தில் ஒரு கார் பூட் சேலில் (பழைய பொருட்களைக் காரில் கொண்டுவந்து விற்கும் சந்தை) மூன்று பழைய கத்திகளைப் பதினைந்து பவுண்டுக்கு வாங்கினேன். ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் செய்த கனமான கத்தி. கறுத்துப்போய், முதுகுப் பக்கம் துருப்புள்ளிகளோடு இருக்கிறது. 'காஸ்ட் ஸ்டீல்' என்று பொறித்திருக்கிறது, செய்தவர் பெயர் அழிந்துவிட்டது. இரண்டாவது ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துக் கத்தி, மெல்லியது. ஆமையோடு போன்ற பிளாஸ்டிக் பிடி. பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதியில் மட்டும் துரு. மூன்றாவது பளிச்சென்று இருக்கிறது, ஆனால் வாயிலிருந்து, அதாவது கூர் விளிம்பிலிருந்து, மேலே முடி போல ஒரு கோடு ஓடுகிறது.

காணொளிகளில் மோட்டார் சக்கரத்தில் வைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்யலாமா? முதல் கத்தியை 1000 எண் கல்லில் தீட்டிப் பார்த்தேன். கை மயிரை நன்றாக வழிக்கிறது. கன்னத்தில் வைத்தால் பிடுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல கற்கள் வாங்கினால் கத்திகளின் விலையைப் போலப் பத்து மடங்கு ஆகும் போலிருக்கிறது. அவ்வளவு செலவழிப்பது சரியா?

எஸ்., லீட்ஸ்

அன்புள்ள எஸ்.,

மூன்றாவது கத்தியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் முகத்தில் வைத்துவிடக் கூடாது. அந்தக் கோடு பெரும்பாலும் விரிசல். கத்தியைத் திறந்து, வால் பக்கம் (பிடியோடு சேரும் கூரில்லாத பகுதி) லேசாகப் பிடித்துக்கொண்டு, அலகை நகத்தால் சுண்டுங்கள். நல்ல எஃகு மணி போல ஒலிக்கும். விரிசல் விட்டது பொத்தென்று அடங்கிவிடும். வாயிலிருந்து கிளம்பும் விரிசலை எந்தக் கல்லாலும் சரிசெய்ய முடியாது. ஒரு நாள் அந்த இடத்தில் சில்லு தெறிக்கும். மூன்றில் அழகானது அதுதான் என்பது வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் அது இனிச் சவரக்கத்தி இல்லை.

ஸோலிங்கன் கத்திக்கு வந்திருப்பது வேறு நோய். ஆமையோடு மாதிரி தெரியும் அந்தப் பிடி செல்லுலாய்டு என்ற பழைய கால பிளாஸ்டிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். செல்லுலாய்டின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பல பத்தாண்டுகள் கழித்து அது தானாகச் சிதையத் தொடங்கும்போது வெளிவரும் அமில வாயு எஃகைத் தின்னும். பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதி மட்டும் துருப்பிடித்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீரால் வரும் துரு பெரும்பாலும் இப்படி இடம் பார்த்து உட்காராது. அந்தப் பிடியை மாற்றியே ஆக வேண்டும். பிடியை இணைக்கும் ஆணித் தலையை அரத்தால் தேய்த்துவிட்டு மெல்லத் தட்டினால் ஆணி கழன்றுவிடும். செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும், அதனால் சூடு எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். அப்புறம், துரு வாய் வரை வந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். அலகின் நடுவில் குழி இருந்தால் பார்வைக்குத்தான் குறை. வாயோரம் குழி இருந்தால், தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழிக்குள் போய்ச் சில்லு சில்லாக உடையும்.

அப்படியானால் மிச்சமிருப்பது உங்கள் கறுப்பு ஷெஃபீல்ட் கத்தி. மூன்றில் நல்ல கத்தி அதுதான் என்று நினைக்கிறேன்.

காஸ்ட் ஸ்டீல் என்ற சொல்லுக்குப் பின்னால் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரம் செய்பவர் இருக்கிறார். கடிகார வில்லுக்கு ஒரே சீரான எஃகு கிடைக்காமல், 1740களில் ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் மண்மூசையில் (சூடு தாங்கும் மண் பாத்திரம்) எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் இருந்த எஃகு ஓரிடத்தில் கடினமாகவும் ஓரிடத்தில் மென்மையாகவும் இருக்கும். சவரக்கத்திக்கு அது ஆகாது. உருக்கி வார்த்த எஃகு வந்த பிறகுதான் இவ்வளவு மெல்லிய வாய் நிற்கத் தொடங்கியது. செய்தவர் பெயர் அழிந்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பொறிப்பில் 'இங்கிலாந்து' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்றானது. அந்தச் சொல் இருந்தால் கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. இல்லையென்றால் முந்தியதாக இருக்கலாம்.

இப்போது மோட்டார் சக்கரம். வேண்டாம். உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

என்னிடம் வந்த முதல் பழைய கத்தியை நான் அப்படித்தான் கெடுத்தேன். மெருகுச் சக்கரத்தில் வைத்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, வாயோரம் வைக்கோல் நிறம் வந்தது, அடுத்த நொடி நீலம். எஃகின் பதம் போய்விட்டது. சவரக்கத்தி எஃகுக்கு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கடினம் குறையத் தொடங்கிவிடும். வாய்ப்பகுதி காகிதம் போல மெல்லியது, சூடு போக அதற்கு வழியே இல்லை. நூறு வருடம் தாங்கிய கத்தி அது. இப்போதும் என் மேசையில் இருக்கிறது, பளபளவென்று. எத்தனை முறை தீட்டினாலும் ஒரு சவரத்துக்குக்கூட அதன் வாய் நிற்பதில்லை.

சூடாகாமல் கையாலேயே தேய்த்தால் என்ன என்று கேட்பீர்கள். கண்ணாடி மாதிரி வர வேண்டுமென்றால் துருக்குழியின் அடி வரை மொத்த எஃகையும் எடுக்க வேண்டும். பொறிப்பு போகும், அலகின் இரு பக்கமும் உள்வாங்கியிருக்கும் குழிவு போகும். அந்தக் குழிவை உண்டாக்கியவர்கள் யார் என்று பாருங்கள். ஷெஃபீல்டில் ஓடைக்கரைகளில் தண்ணீரால் சுழலும் பெரிய கற்களின் முன்னால், குதிரைமேல் உட்காருவது போல மரப்பலகையில் கால் அகட்டி உட்கார்ந்து, குனிந்து சாணை பிடித்தார்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து, நாற்பது வயதைத் தாண்டாமலே இறந்தவர்கள் அவர்களில் பலர். தண்ணீர் விடாமல் உலர்கல்லில் வேலை செய்தவர்களின் நிலைமை இன்னும் மோசம். போர்ட்டர் ஓடைக்கரையில் ஷெப்பர்ட் வீல் என்ற அப்படியொரு சாணைக்கூடத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஷெஃபீல்டுக்கு ஒரு மணி நேரம்தானே, திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். உங்கள் கத்தியில் மிச்சமிருக்கும் எஃகு அப்படி ஓர் இடத்தில், அப்படி ஒருவர் கையில் உருவானது. அதில் தேவைக்கு மேல் ஒரு துளியைக்கூட எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே துருவை மட்டும் எடுங்கள். ஓர் இரவு எண்ணெயில் ஊறட்டும். பிறகு நான்கு பூஜ்யம் போட்ட மிக மென்மையான எஃகுப் பஞ்சால் தேய்த்து, உலோக மெருகுப் பசையைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். கத்தியைப் பலகையில் தட்டையாகக் கிடத்திக்கொண்டு, முதுகோடு நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். விரல் வாயை நோக்கி ஒருபோதும் போகக் கூடாது. கருமை மிஞ்சினால் மிஞ்சட்டும், அது கத்தியைத் தின்னாது. செந்துருதான் தின்னும். யாரோ உபயோகித்த கத்தி என்பதால் கடைசியில் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

பிடுங்குவது ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தவறு செய்யவில்லை, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1000 எண் கல் செய்வது வாயின் இரண்டு பக்கச் சரிவும் ஒரே கோட்டில் சந்திக்கும்படி செய்யும் வேலை மட்டும். கை மயிரை வழிக்க அதுவே போதும். தாடி மயிர் தடிமன், அதற்கு இன்னும் மூன்று படி இருக்கிறது: 4000, 8000, 12000. எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும். முதுகும் வாயும் இரண்டுமே கல்லைத் தொடும்படி கிடத்துங்கள். சவரக்கத்தியின் முதுகுதான் அதன் கோணத்தைத் தீர்மானிக்கிறது, நீங்கள் கையால் கோணம் பிடிக்க வேண்டியதில்லை. வாய் முன்னால் போகும்படி தள்ளுங்கள், முதுகைக் கல்லிலிருந்து எடுக்காமலே புரட்டுங்கள். அழுத்தம் கொடுக்காதீர்கள், கத்தியின் கனமே போதும். கல் சமதளமாக இருக்க வேண்டும், நடுவில் பள்ளம் விழுந்த கல்லில் எத்தனை மணி நேரம் நின்றாலும் பயனில்லை. ஒரு முடியைத் தொங்கவிட்டு வாயில் தொட்டால் சத்தமில்லாமல் அறுந்து விழ வேண்டும். வால் முதல் முனை வரை எல்லா இடத்திலும்.

கற்களுக்கு அவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. துகளின் அளவை மைக்ரான் கணக்கில் சொல்லி விற்கும் மெருகுத் தாள்கள் மலிவு. 12, 3, 1 என்று மூன்று தாள் வாங்கி, தடித்த கண்ணாடித் துண்டில் தண்ணீர் தொட்டு ஒட்டிக்கொண்டால் அதுவே கல். இருந்தாலும் முதல் கத்தியை அனுபவமுள்ள ஒருவரிடம் காசு கொடுத்துத் தீட்டச் சொல்லுங்கள். நல்ல கூர் முகத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு முறையாவது தெரிந்திருந்தால்தான், அடுத்ததை நீங்களே தீட்டும்போது எப்போது நிறுத்துவது என்று புரியும்.

தோல் வாரை, அதாவது தீட்டிய கத்தியைக் கடைசியாகத் தேய்க்கும் தோல் பட்டையை, விட்டுவிடாதீர்கள். கல்லில் வாய் முன்னால் போகும், வாரில் முதுகு முன்னால் போகும். மாறினால் வார் கிழியும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் ஐம்பது முறை, வாரை இறுக்கமாக இழுத்துப் பிடித்து. தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். நம் ஊர் சலூன்களில் பாதி பிளேடு மாட்டும் கத்தி வருவதற்கு முன், பெரியவர்கள் உள்ளங்கையிலேயே கத்தியைப் புரட்டிப் புரட்டித் தேய்ப்பார்களே, அதுவும் இந்த வேலைதான். நீங்கள் கையில் முயல வேண்டாம்.

சவரம் செய்வது பழகப் பழகத்தான் வரும், எழுத்தில் சொல்ல அதிகமில்லை. குளித்த பின், நுரை மயிரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறட்டும். தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைத் தோலிலிருந்து முப்பது டிகிரிக்கு மேல் உயர்த்தாமல், மயிர் வளரும் திசையிலேயே போங்கள். முதல் இரண்டு வாரம் கன்னம் மட்டும் போதும், மோவாயையும் மேலுதட்டையும் இப்போதைக்கு உங்கள் பழைய ரேசருக்கே விட்டுவிடுங்கள். கத்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் கட்டாயம் வெட்டும். கீறல் விழுந்தால் படிகாரம். முடிந்ததும் கத்தியைத் துடைத்துக் குளியலறைக்கு வெளியே வையுங்கள், அங்கே இருக்கும் ஈரமே துருவுக்குப் போதும்.

எல்லாவற்றையும் நிதானமாகச் செய்யலாம். ஆனால் ஸோலிங்கன் கத்தியை மட்டும் இன்று இரவே மற்ற இரண்டிலிருந்தும் பிரித்து, தனியாகக் காற்றோட்டமான இடத்தில் திறந்து வைத்துவிடுங்கள். ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்தால் அந்த வாயு உங்கள் ஷெஃபீல்டையும் அரிக்கும்.