அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலிப்பு: எஃப்.டி.யை உடைத்துக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: வலிப்பு நோய்க்காக என் மனைவிக்கு டெம்போரல் லோப் (மூளையின் பக்கவாட்டுப் பகுதி) அறுவை சிகிச்சை முடிந்து 7 வாரம் ஆகிறது. வீட்டுக்கு வந்தபின் இரண்டு முறை லேசாக வலிப்பு வந்தது. அலுவலக மெடிக்ளெய்ம் 5 லட்சமும் தீர்ந்து, 15% வட்டிக்கு 3 லட்சம் பர்சனல் லோன் வாங்கினேன். கையில் 2.6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. அதை உடைத்துக் கடனை அடைக்கலாமா? அவருக்குத் தனியாக ஹெல்த் பாலிசி எடுக்கலாமா? என் சம்பளம் 62,000. இ.எம்.ஐ.கள் 30,000, வீட்டுச்செலவும் மருந்தும் 27,500. மனைவி (சம்பளம் 18,500, இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு) சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறார்.
- மதுரை வாசகர்

பதில்: எஃப்.டி.யைத் தொடாதீர்கள். வெறும் வட்டிக் கணக்கில் அடைப்பதுதான் லாபம். 2.6 லட்சத்துக்கு லோன் வட்டி வருடத்துக்கு 39,000 வரை போகும், எஃப்.டி. 7% தந்தாலும் வரவு 18,200தான். இருந்தாலும் அந்த 20,000 சொச்சத்தை இந்த ஒரு வருடத்துக்கு விட்டுக்கொடுக்கலாம். மாதம் மிஞ்சுவது வெறும் 4,500. மெடிக்ளெய்ம் தீர்ந்துவிட்டதால், பாலிசி புதுப்பிக்கும் தேதிவரை மறுபடி அட்மிட் ஆனால் செலவு உங்கள் தலையில்தான். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கே முதலில் கேட்பது அட்வான்ஸ். ஹெச்.ஆரிடம் புதுப்பிக்கும் தேதியையும் ‘கார்ப்பரேட் பஃபர்’ (தனிநபர் வரம்பு தீர்ந்தவர்களுக்காக நிறுவனம் பாலிசியில் வைத்திருக்கும் பொதுத் தொகை) இருக்கிறதா என்பதையும் இன்றே கேளுங்கள்.

ஆரம்ப வாரங்களில் வரும் வலிப்பால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று ஆகிவிடாது. டாக்டரிடம் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்துக் கொடுங்கள். ஆனால் பணத் திட்டத்தில் ‘இனி வராது’ என்று எழுதிக்கொள்ளாதீர்கள். 2001-ல் வெளியான கனடா ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவிகிதத்தினர் ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பின்றி இருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 8 சதவிகிதம். பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் மீதி 42 சதவிகிதத்துக்கும் பட்ஜெட் வேண்டுமே! ஓராண்டு ரிவ்யூ முடிந்தபின் கடனை அடைப்பதைப் பேசலாம்.

நீங்கள் கேட்காமல் விட்ட பணம் ஒன்று இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை, சம்பளத்தில் 70%, வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. 18,500 சம்பளத்துக்கு மூன்று மாதத்தில் சுமார் 38,000 வரும். அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பிடித்தம் இருந்திருக்க வேண்டும். சிகிச்சை தனியார் மருத்துவமனையில் என்பதால், டிஸ்சார்ஜ் சம்மரியுடன் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரைப் பார்த்து விடுப்புச் சான்றிதழ் வாங்குங்கள். பெரும்பாலும் இழுத்தடிப்பது இந்தப் படிதான். மாத்திரையையும் அங்கேயே கேட்கலாம். அங்கே வேறு கம்பெனி மாத்திரை தந்தால் மட்டும், மாற்றும் முன் நியூராலஜிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்கிறேன் என்று டோஸைக் குறைப்பது, ஐ.சி.யூ. பில்லில் போய் முடியும். பத்து நாள் மாத்திரை எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

புதுப் பாலிசி இப்போது வேண்டாம். ஆபரேஷன் ஆன சில வாரங்களில் விண்ணப்பித்தால் தள்ளிப்போடுவார்கள் அல்லது மறுப்பார்கள். கிடைத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வேண்டிவரும். மறைத்து எடுத்தால் கிளெய்ம் நேரத்தில் பழைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டே காட்டிக்கொடுக்கும். வேலை மாறுவதாக இருந்தால், கடைசி வேலைநாளுக்கு முன்பே அலுவலக மெடிக்ளெய்மிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். காத்திருந்த காலம் கணக்கில் சேரும்.

80டிடிபி (குறிப்பிட்ட சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான) வரிச்சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பட்டியலில் பார்கின்சன் இருக்கிறது, வலிப்பு இல்லை.

ஸ்கூட்டர் ஓட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் படிவம் 1-லேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். ஆட்டோவுக்கு மாதம் 1,500 ஒதுக்கி, அந்த 4,500-லிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.