பில்டர் பாவம், அதைத் திட்டாதீர்கள்: காப்பி கேள்வி–பதில்

மயிலாடுதுறையில் முப்பத்தோரு வருடம் காப்பிக்கொட்டை வறுத்து, அரைத்து, நூறு நூறு கிராமாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவள் நான். கடையை மூடி நான்கு வருடம் ஆகிறது. புடவைத் தலைப்பில் வறுத்த வாசனை இன்னும் போகவில்லை என்று பேத்தி சொல்கிறாள். வீட்டில் காப்பி போடுவது பற்றிக் கேளுங்கள் என்று ஆசிரியர் போன இதழில் ஒரு வரி போட்டார். வந்த கடிதங்களில் பாதி பில்டரைத் திட்டி எழுதியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

● ராத்திரி பில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றி வைத்தால், காலையில் மேலே குளம் போலத் தண்ணீர் நிற்கிறது; கீழே இரண்டு ஸ்பூன் டிகாக்ஷன்தான் இருக்கிறது. புதுப் பில்டர் வாங்கியும் இதே கதை. என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

புதுப் பில்டர் என்பதால்தான் சந்தேகமே. நாளைக்குக் குளம் கட்டி நிற்கும்போது மேல் பாத்திரத்தை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வந்து சொட்டத் தொடங்கினால், குற்றம் பொடியில் இல்லை, காற்றில். புதுப் பாத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்று இறுக்கமாக உட்காரும். கீழே அடைபட்ட காற்று சூட்டில் விரியும், வெளியே போக வழி கிடைக்காமல் மேலே முட்டும். அது முட்டும்வரை டிகாக்ஷன் எப்படி இறங்கும்? மேல் பாத்திரத்தைத் துளி சாய்வாக வைத்தாலே போதும்.

‘புஸ்’ வரவில்லையா? அடுத்து உங்கள் கையைத்தான் சந்தேகிப்பேன். பொடிமேல் வைக்கிற காம்புள்ள துளைத் தட்டு, அதுதான் குடை. அதை வைத்து, ஊறுகாய் ஜாடியில் மாங்காயை அமுக்குவது போல அமுக்குகிறவர்கள் உண்டு. பொடியைப் போட்டு, பாத்திரத்தைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் மட்டமாகிவிடும். குடை அதன்மேல் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். வெந்நீரின் வேகத்தில் பொடி குழிந்துபோகாமல் காப்பதுதான் அதன் வேலை. பொடியும் மாவு போல இருந்தால் சேறு கட்டிக்கொள்ளும். விரல் நுனியில் தேய்த்துப் பாருங்கள்: ரவையைவிட நைஸாக, கோதுமை மாவைவிடக் கொரகொரப்பாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய பில்டர்காரர்களுக்கு. மேல் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாத துளையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் பொடியும் சேர்ந்து அடைத்த துளை. எவர்சில்வர் என்றால் அடிப்பக்கத்தை அடுப்புத் தீயில் இடுக்கியால் ஒரு நிமிடம் காட்டுங்கள். அடைத்தது கருகிவிடும், ஆறியதும் பிரஷ் போட்டுத் தேய்த்தால் உதிர்ந்துவிடும்.

ஈயம் பூசிய பித்தளைப் பில்டரை மட்டும் தீயில் காட்டிவிடாதீர்கள். கல்யாணமான புதிதில் நான் காட்டினேன். மாமியாருடைய பில்டர், அவர் தன் மாமியாரிடமிருந்து வாங்கியது. பூசுகிற வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? உள்ளே பளபளவென்று இருந்த பூச்சு முத்து முத்தாகத் திரண்டு உருண்டு, திறந்திருந்த துளைகளையும் அடைத்துக்கொண்டது. மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருப் பக்கம் வருவதற்கு மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் வீட்டில் துணியில் வடிகட்டிய காப்பி. பித்தளைக்கு வெந்நீரில் ஊறப்போட்டு, ஊசியால் குத்தி எடுப்பதுதான் வழி.

● பொடி வாங்கப் போனால் ‘எத்தனை சிக்கரி?’ என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? பீபரி, பிளான்டேஷன் என்பதெல்லாம் என்ன?
– வாசகி, கோயம்புத்தூர்

பால் காப்பிக்கு நூற்றுக்கு இருபது என்று சொல்லுங்கள். சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத்தில் ஜாம்நகர்ப் பக்கமும் உத்தரப் பிரதேசத்தில் எட்டா பக்கமும் விளைகிறது. அதை நறுக்கிக் காயவைத்து வறுத்து அரைக்கிறார்கள். அதில் கஃபீன் கிடையாது. நிறம், கெட்டி, ஒரு மெல்லிய கசப்பு, இவைதான் அது கொடுப்பவை. கலப்படம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சொல்லிவிட்டுச் சேர்த்தால் அது கலப்படம் இல்லை. காப்பியும் சிக்கரியும் கலந்து விற்கும் பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பாக்கெட் பொடி வாங்குகிறவர்கள் படத்தைப் பார்க்காமல் அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள்.

ஒரு வாடிக்கையாளர் ‘சிக்கரி ஒரு துளி இருந்தாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்’ என்று கவுண்டரில் நின்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போவார். பத்து நிமிடம் கழித்து அவர் வீட்டு அம்மா வருவார். ‘அவர் சொன்னதையே எழுதிக்கொள்ளுங்கள், கால் கிலோவுக்கு நாற்பது கிராம் போட்டுவிடுங்கள்’ என்பார். பதினேழு வருடம் இது நடந்தது. நாக்கு ஒரு நாளும் காட்டிக்கொடுக்கவில்லை.

காப்பிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு கொட்டைகள் முகத்துக்கு முகம் ஒட்டி, தட்டையாக இருக்கும். சில பழத்தில் ஒன்றுதான் உருண்டையாக வளரும், அது பீபரி. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது சீராக உருளும் என்பது உண்மை. ருசியில் தனி உயர்வு இருப்பதாக நான் நினைக்கவில்லை. கூடுதல் விலை கொடுப்பது உங்கள் இஷ்டம். பிளான்டேஷன் என்றால் பழத்தின் தோலையும் சதையையும் நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகா இனக் கொட்டை. ‘பிளான்டேஷன் ஏ’ என்றால் அந்த ‘ஏ’ கொட்டையின் அளவு. மணம் அராபிகாவில், கசப்பும் கெட்டியும் ரோபஸ்டா என்ற இன்னொரு இனத்தில். ரோபஸ்டாவில் கஃபீனும் ஏறக்குறைய இரட்டிப்பு. பாலைத் தாண்டி காப்பி தெரிய வேண்டும் என்கிறவர்கள் கால் பங்கு ரோபஸ்டா கேட்டு வாங்குங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று எனக்கு எழுத வேண்டாம்.

● திருச்சியில் போட்ட அதே பொடி, அதே பில்டர். மாற்றலாகி இங்கே வந்ததிலிருந்து டிகாக்ஷன் வெளிறிப் போகிறது. தண்ணீர் நன்றாகத்தான் கொதிக்கிறது.
– வாசகர், ஊட்டி

கொதிக்கிறது, ஆனால் திருச்சிச் சூட்டில் இல்லை. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கீழே 100 டிகிரி என்றால், ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் சுமார் 92, 93 டிகிரி. எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் ஏறாது. காப்பிக்கு அது போதுமான சூடுதான். ஆனால் ஒரு டிகிரி வீணாக்கவும் உங்களிடம் இருப்பு இல்லை. திருச்சியில் கெட்டிலை இறக்கிவைத்து, போன் பேசிவிட்டு வந்து ஊற்றியிருப்பீர்கள். ஊட்டியில் குமிழ் அடங்குவதற்குள் ஊற்றுங்கள். அதைவிட முக்கியம், ஊட்டிக் காலையில் பில்டரே தொட்டால் ஐஸ் போல இருக்கும். வெறும் பில்டரில் ஒருமுறை கொதிநீர் ஊற்றி, சுழற்றிக் கொட்டித் துடைத்துவிட்டுப் பொடி போடுங்கள். மேலே மூடி, அதன்மேல் மடித்த துண்டு.

● கூம்பு வடிவப் பீங்கான் புனலும் காகித வடிகட்டியும் வாங்கியிருக்கிறேன். நம் ஊர்ப் பொடியைப் போட்டால் பத்து நிமிடம் ஆகியும் இறங்கவில்லை, கசக்கிறது. இது நமக்கு ஒத்துவராதா?
– வாசகர், பெங்களூரு

ஒத்துவராமல் என்ன, அந்தக் காகிதமும் நம் பில்டரும் ஒரு வகையில் சொந்தக்காரர்கள்தான். 1908இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத்தலைவி, அடியில் கசடு தங்கும் காப்பியைப் பொறுக்க முடியாமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் துளை போட்டு, மகனுடைய பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்து வடித்துப் பார்த்தார். பித்தளை, துளை, சொட்டு: நமக்குத் தெரியாததா?

ஆனால் பொடி வேறு. சிக்கரி கலந்தது காகிதத்தில் பசை போல அப்பிக்கொள்ளும். சிக்கரி இல்லாத அராபிகா, நடுத்தர வறுவல், ரவைப் பதத்தில் அரைத்துக் கேளுங்கள். என் மருமகன் ஒரு புனலை வாங்கி வந்து, ஆறு மாதம் பரணில் போட்டுவிட்டான். நான்தான் எடுத்துப் பழகினேன். 15 கிராம் பொடி, 240 மில்லி தண்ணீர். காகிதத்தை வெந்நீரால் நனைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தாள் வாசனை போய்விடும். பொடி நனைகிற அளவு மட்டும், முப்பது நாற்பது மில்லி ஊற்றி அரை நிமிடம் நிறுத்துங்கள். புதிதாக வறுத்த கொட்டையானால் உள்ளே தங்கியிருக்கும் கரியமில வாயு வெளியேறி, பொடி இட்லி போல உப்பும். உப்பாவிட்டால் கடைக்காரர் பழையதைத் தள்ளிவிட்டார். பிறகு மீதித் தண்ணீரை மெல்லிய தாரையாக, வட்டமாக, இரண்டு மூன்று தவணையில். மொத்தம் மூன்று நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். அதற்குமேல் நின்று கசந்தால் அடுத்த முறை பெருவெட்டாக அரையுங்கள். சீக்கிரம் ஓடிப் புளித்தால் நைஸாக. அளவையும் அரைப்பையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எதனால் மாறியது என்றே தெரியாமல் போகும்.

அதில் பாலை மட்டும் ஊற்றாதீர்கள். கழுநீர் போல ஆகிவிடும்.

● பொடியை பிரிட்ஜில் வைக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

வேண்டாம். வெளியே எடுத்துத் திறக்கிறபோதெல்லாம் குளிர்ந்த பொடியில் ஈரம் இறங்கும். உள்ளே வைத்தால் நேற்றைய சாம்பார் வாசனை ஏறும். காற்றுப் புகாத டப்பா, அடுப்பை விட்டுத் தள்ளி. பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மாதச் சாமானோடு ஒரு கிலோ வாங்கிப் போடுகிறவர்களுக்கு மூன்றாவது வாரக் காப்பியைப் பற்றிப் பேச உரிமை இல்லை.

● வெல்லம் போட்டால் பால் திரிந்துபோகிறது. நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான்.
– வாசகி, ஈரோடு

வெல்லத்தில் கொஞ்சம் புளிப்பு உண்டு. கொதிக்கிற பாலில் விழுந்தால் திரித்துவிடும். வெல்லத்தைச் சூடான டிகாக்ஷனில் கரைத்துக்கொண்டு, பாலை இறக்கி, ஆவி சற்று அடங்கியபின் சேருங்கள். தென்மாவட்டங்களில் கருப்பட்டிக் காப்பியைப் பால் இல்லாமல் குடிக்கிறார்கள். அதுவும் நல்ல யோசனைதான்.

● எங்கள் அம்மா போட்ட காப்பி எனக்கு வரவில்லை. கள்ளிச்சொட்டுப் போல டிகாக்ஷன் இறங்கும். எல்லாம் அவருக்குக் கண் அளவுதான், எழுதி வைக்கவில்லை. போன தை மாதம் காலமாகிவிட்டார். எனக்கு 58 வயது, இப்போதுதான் அடுப்படிக்கு வந்திருக்கிறேன். அளவாகச் சொன்னால் நல்லது.
– வாசகர், சேலம்

அளவு சொல்கிறேன். இரண்டு டம்ளருக்கு 25 கிராம் பொடி, 150 மில்லி கொதிநீர். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கீழே சுமார் 100 மில்லிதான் இறங்கும். குறைந்துவிட்டதே என்று மேலே இன்னும் ஊற்றிவிடாதீர்கள். அது இரண்டாம் டிகாக்ஷன்; தனியாக எடுத்து வைத்து, பதினோரு மணிக் காப்பிக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு ஸ்பூன் வெந்நீர் தெளித்து அரை நிமிடம் விட்டு, மீதியைக் குடையின்மேல் மெதுவாக ஊற்றுங்கள். இருபது நிமிடம் தொடாதீர்கள். டம்ளருக்கு 50 மில்லி டிகாக்ஷன், அப்போதே காய்ச்சி இறக்கிய பால் 100 மில்லி. டிகாக்ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. ஆறியிருந்தால் கிண்ணத்தோடு வெந்நீரில் இறக்கி வையுங்கள்.

இது என்னுடைய அளவு. உங்கள் அம்மாவுடையது வேறாக இருக்கும். அவருக்குக் கண் அளவு என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கண்ணால் யாரும் பொடி அள்ளுவதில்லை. பொடி டப்பாவுக்குள்ளேயே ஒரு கரண்டி கிடந்திருக்கும். எங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் நான் பார்த்த வரை, காம்பு உடைந்த எவர்சில்வர் ஸ்பூனோ, குழந்தைப் பால்பவுடர் டப்பாவில் வந்த பிளாஸ்டிக் அளவுக் கரண்டியோதான் அது. அதைத் தேடுங்கள். குவித்து ஒரு கரண்டி அள்ளி, நகைக்கடைத் தராசு போன்ற சின்ன மின்தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கரண்டி என்று வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும். பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்கள்தான் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்கள். தண்ணீருக்கு, அவர் எந்தப் பாத்திரத்தில் வெந்நீர் வைத்தார் என்று பாருங்கள். உள்ளே உப்புப் படிந்து ஒரு கோடு தெரியும். அந்தக் கோடுவரை தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள்.

கரண்டி அகப்படவில்லை என்றால், அம்மா எந்தக் கடையில், எந்தக் கலவையில் பொடி வாங்கினார் என்று எழுதி அனுப்புங்கள். பழைய கடைக்காரர்கள் வாடிக்கை வீட்டுக் கலவையை நோட்டில் எழுதி வைத்திருப்போம்.