5 லட்சத்தில் ஸ்டூடியோ: கேமராவுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 10க்கு 14 அடி கடை ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறேன். அட்வான்ஸ் போகக் கையில் 5 லட்சம் இருக்கிறது. கேமரா, லென்ஸுக்கே இரண்டரை லட்சம் ஆகும் என்கிறார்கள். மீதியில் ஸ்டூடியோ போட்டுவிட முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அந்த இரண்டரை லட்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் எஃப் 8 (லென்ஸ் திறப்பு), ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்) வைத்து எடுக்கும் படத்தில், விலை உயர்ந்த பாடிக்கும் (லென்ஸ் இல்லாத கேமரா) நடுத்தரப் பாடிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் உள்ள மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா ஒன்று, அதனுடன் வரும் ஜூம், ஒரு 50 எம்எம் லென்ஸ் என்று 1.3 லட்சத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். திருவந்திபுரம் கோயில் முகூர்த்தங்களுக்கும் போவதாக இருந்தால் இரண்டாவது கேமரா இல்லாமல் போகாதீர்கள். தாலி கட்டும் நேரத்தில் கேமரா மக்கர் செய்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். முதல் வருஷம் அதை வாடகைக்கு எடுத்தாலே போதும்.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். எனக்குக் கவலை தருவது அந்த 14 அடிதான். இந்தக் கேமராவில் 50 எம்எம் போட்டு ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்கச் சுமார் 15 அடி தள்ளி நிற்க வேண்டும். பின்னணியில் நிழல் விழாமல் இருக்க, ஆளுக்கும் சுவருக்கும் நடுவே 4 அடி வேறு விட வேண்டும். 35 எம்எம்மில் எடுத்தாலும் 10 அடி போய்விடும், உங்கள் முதுகு எதிர்ச் சுவரில் முட்டும். எனவே ரிசப்ஷனுக்கென்று தடுப்பு வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் மேசையைப் பக்கச் சுவரோரம் ஒதுக்குங்கள். பின்னணிக்கான 9 அடி அகலப் பேப்பர் ரோலுக்கு ஸ்டாண்ட் வாங்க வேண்டாம், 10 அடி அகலத்தில் அதன் கால்களை விரிக்கவே இடம் இருக்காது. சுவரில் அடிக்கும் ஹூக், செயின் செட் வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங்கும் வேண்டாம், உயரம் குறைந்தால், வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸை மேலே தூக்க முடியாது. சுவருக்கு மேட் வெள்ளைதான் அடிக்க வேண்டும். ரோஸோ பச்சையோ அடித்தால் அந்தச் சாயல் முகத்தில் ஏறும், அப்புறம் ஒவ்வொரு படத்திலும் அதைச் சரிசெய்துகொண்டே இருப்பீர்கள்.

லைட்டுக்கு 70,000 ஒதுக்குங்கள். 400 வாட் செகண்ட் சக்தியுள்ள ஃபிளாஷ் இரண்டு, பின்னணிக்கு 200இல் ஒன்று, ஃபிளாஷைக் கேமராவோடு சேர்ந்து அடிக்க வைக்கும் ட்ரிகர், இரண்டு சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்டுகள் எல்லாம் அதில் அடங்கிவிடும். மலிவு எல்இடி பேனல் மட்டும் போதும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். மொட்டை போட்டுக் காது குத்திய குழந்தை ஒரு நொடி சும்மா இருக்காது. எல்இடி வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் குறைந்து கை, கால் எல்லாம் கலங்கிப் போகும்.

தினசரி காசு பாஸ்போர்ட் சைஸில்தான். 4க்கு 6 அங்குலத் தாளில் 35க்கு 45 மில்லிமீட்டர் படம் எட்டு விழும், அமெரிக்க விசாவுக்கான 2க்கு 2 அங்குலம் என்றால் ஆறு. இதற்கு ஆறு கலர் இங்க் டேங்க் பிரின்டர் சுமார் 30,000க்குள் கிடைக்கும். தினமும் ஒரு பிரின்டாவது போடுங்கள், இல்லையென்றால் இங்க் வரும் நாசில் அடைத்துக்கொள்ளும். சூட்டில் கலரைத் தாளில் ஏற்றும் டை-சப் மெஷினைக் கூட்டம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆல்பத்தை லேபுக்கே அனுப்பிவிடுங்கள்.

நிறத்தைச் சரியாகக் காட்டும் ஐபிஎஸ் மானிட்டரோடு கம்ப்யூட்டருக்கு 70,000. பெயின்ட், வயரிங், யுபிஎஸ்ஸுக்கு 60,000. ஆக மொத்தம் 3.6 லட்சம் ஆகிறது. மீதி 1.4 லட்சத்தை வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் புது லென்ஸ் வாங்கிவிடாதீர்கள்! கடன் தேவைப்பட்டால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவு 5 லட்சம் வரை இருக்கிறது. பேங்கில் கொட்டேஷன் கேட்பார்கள். பில் இல்லாத, கம்பெனி வழியாக வராத கிரே சரக்கு மலிவாக வந்தாலும் வேண்டாம், வாரன்டி கிடைக்காது.

நம்ம ஊர் கடல் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலை போலப் படரும். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் வாங்கும் வரை, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2024 நவம்பர் கடைசியில் ‘ஃபெஞ்சல்’ என்று இந்தக் கரை பார்த்த புயல் கொஞ்சமில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்துக் கடையில் விசாரியுங்கள், பிளக் பாயின்ட்களை அதற்கு மேலே போடச் சொல்லுங்கள். கடை இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சீரியல் நம்பர் எழுதிய பில்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.