வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டை உருவாக்கும் கணினிக்கு எதில் பணம் போடுவது?

கேள்வி: நான் மதுரையில் கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். நண்பர்கள் மூவர் சேர்ந்து அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளில் ஒரு முப்பரிமாண விளையாட்டை உருவாக்கத் தொடங்கியிருக்கிறோம். கணினிக்காக வீட்டில் 70,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மானிட்டரும் கீபோர்டும் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்ட பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போட்டுவிட்டு, ரேமை 8 ஜி.பி.யோடு நிறுத்திக்கொள்ளும்படி கடையில் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: சரியல்ல. கடைக்காரர் போட்டுத் தந்திருப்பது விளையாடுபவருக்கான கணக்கு. விளையாட்டை உருவாக்குபவரின் நாளில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே கழிகிறது என்பதால், அந்தக் காத்திருப்பைக் குறைக்கும் பாகங்களுக்கே முதலில் பணம் போக வேண்டும்.

அன்ரியலில் ஒரு புதிய புராஜெக்டைத் திறந்ததும் திரையின் ஓரத்தில், தயாராக வேண்டிய ஷேடர்களின் (காட்சியின் நிறத்தையும் ஒளியையும் கணக்கிடும் சிறு நிரல்களின்) எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் தொடங்கி மெதுவாக இறங்கிக்கொண்டே வரும். அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்: ஷேடர் கம்பைல் ஒர்க்கர் என்ற பெயரில் வரிசையாகப் பல புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்க, செயலியின் எல்லாக் கோர்களும் (தனித்தனியாக வேலை செய்யும் அதன் பகுதிகள்) முழு வேகத்தில் உழைப்பது தெரியும். சி பிளஸ் பிளஸ் நிரலைக் கம்பைல் செய்யும்போதும், அதாவது கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும்போதும், இதே கதைதான். ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைல் வேலைக்கும் ஏறத்தாழ 1.5 ஜி.பி. ரேம் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டுதான் அன்ரியலே தன் கணக்கைப் போடுகிறது. 6 கோர் செயலியில் ஆறு வேலைகள் சேர்ந்து ஓடினால் அதற்கே 9 ஜி.பி. போய்விடும்; எடிட்டரும் நிரல் எழுதும் விஷுவல் ஸ்டுடியோவும் பிரவுசரும் அதற்கு மேல். ஆகவே உங்கள் வேலைக்கு 8 ஜி.பி. அறவே உதவாது, 16 ஜி.பி. இழுபறி, 32 ஜி.பி.தான் நிம்மதி. 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், இப்போது முழுவதும் வாங்க முடியாவிட்டால் நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு 8 ஜி.பி. ரேம்களைப் போட்டுத் தொடங்கி, மீதி இரண்டு ஸ்லாட்டுகளைப் பிறகு நிரப்பிக்கொள்ளுங்கள்.

செயலியில் என் தேர்வு ரைசன் 5 5600. 6 கோர், 12 திரெட் கொண்ட இது ஏ.எம்.4 சாக்கெட்டில் (மதர்போர்டில் செயலி அமரும் இடம்) பொருந்தும், டி.டி.ஆர்.4 ரேமே போதும். ஏ.எம்.5 புதியது என்றாலும் டி.டி.ஆர்.5 ரேமை மட்டுமே ஏற்பதால் உங்கள் தொகை அங்கேயே கரைந்துவிடும். ஏ.எம்.4 பழைய சாக்கெட் என்று தயங்க வேண்டியதில்லை. நல்ல பி550 மதர்போர்டாக வாங்கிவிட்டால், கையில் பணம் சேர்ந்த பிறகு அதே போர்டில் 16 கோர் கொண்ட 5950எக்ஸ் செயலியைக் கூடப் பொருத்தலாம். கம்பைல் வேலைக்கு அதைவிட நேரடியான பலன் வேறில்லை.

கிராஃபிக்ஸ் கார்டில் வேகத்தைவிட அதன் நினைவகத்தைப் பாருங்கள். எடிட்டரில் பெரிய டெக்ஸ்சர்களோடு ஒரு காட்சியைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே முப்பரிமாண மாடல் செய்யும் பிளெண்டரையும் ஓட்டும்போது 8 ஜி.பி. விரைவில் நிரம்பிவிடும். விளையாடுவதில் 8 ஜி.பி. கொண்ட ஆர்.டி.எக்ஸ். 4060 வேகமானதுதான், ஆனாலும் 12 ஜி.பி. கொண்ட ஆர்.டி.எக்ஸ். 3060 கடையில் கிடைத்தால் உங்களுக்கு அதையே சொல்வேன். உங்கள் குழுவில் மாடல் செய்யும் வேலை வேறொருவருடையது என்றால், ஆர்.எக்ஸ். 6600 வாங்கி மிச்சமாகும் பணத்தை ரேமில் போடுங்கள். உங்கள் விளையாட்டை வாங்கப்போகும் பலரிடம் இப்படிப்பட்ட நடுத்தரக் கார்டுதான் இருக்கும் என்பதால், அது அவர்களிடம் எப்படி ஓடும் என்பதும் அன்றாடம் உங்கள் கண்ணில் படும்.

கோப்புகளைச் சேமிக்க வேகமான 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. அவசியம், எஞ்சினும் அதன் கேச் கோப்புகளுமே பல பத்து ஜி.பி.யை விழுங்கிவிடும். கேபினட்டோடு சேர்த்துத் தரும் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்ஸை (பவர் சப்ளையை) மட்டும் ஏற்காதீர்கள். அது பழுதாகும்போது மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற 550 வாட் பவர் சப்ளையைத் தனியாக வாங்குங்கள்.

கேள்வி: கோடோ எஞ்சினில் இருபரிமாண விளையாட்டு மட்டுமே செய்கிறேன். எனக்கும் தனிக் கிராஃபிக்ஸ் கார்டு தேவையா?

பதில்: தேவையில்லை. உள்ளேயே கிராஃபிக்ஸ் வசதி கொண்ட ரைசன் 5 5600ஜி போதும். கார்டு இல்லாத 5600இல் படமே வராது என்பதால், வாங்கும்போது 'ஜி' என்ற எழுத்தைக் கவனித்து வாங்குங்கள். இந்தச் செயலி திரைக்கான நினைவகத்தையும் ரேமிலிருந்தே எடுத்துக்கொள்வதால், ஒரே 16 ஜி.பி. ரேமைவிட இரண்டு 8 ஜி.பி. ரேம்களைப் போட்டால் வேகம் கண்கூடாகக் கூடும். கோடோ 4இல் புராஜெக்டைத் தொடங்கும்போது காட்சியை வரையும் முறைகளில் கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரைத் தேர்ந்தெடுத்தால், விளையாட்டு பழைய லேப்டாப்களிலும் நன்றாக ஓடும்.