பித்தத்துக்கு எலுமிச்சையும் தயிரும் சரிதானா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 36, விற்பனைப் பிரதிநிதி, பகலெல்லாம் பைக்கில் சுற்றும் வேலை. காலையில் வாய் கசக்கிறது, சாப்பிட்டதும் நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம், ராத்திரி படுத்தால் உள்ளங்காலில் எரிச்சல். "பித்தம் கூடிப்போச்சு என்கிறார்கள். தினமும் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடிக்கிறேன். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு மேல்தான். ராத்திரி பத்தரைக்குத் தயிர்சாதம், ஊறுகாய். குறையவே இல்லை, வேறு என்ன சேர்க்கலாம்?" என்று கேட்கிறார்.

எதையும் சேர்க்க வேண்டாம், முதலில் அந்த எலுமிச்சைத் தண்ணீரை நிறுத்துங்கள். குமட்டல், வாயில் நீர் ஊறுவது, நாக்கில் வெள்ளையாகப் படிவது, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு என்று இருப்பவருக்கு எலுமிச்சையோ இஞ்சியோ வேலை செய்யும், நம் வீடுகளில் பித்தத்துக்கு இஞ்சி மொரப்பா கொடுப்பதெல்லாம் அந்த நிலைக்குத்தான். உங்களுக்கு இருப்பது எரிச்சல். ஆயுர்வேதக் கணக்கில் புளிப்பு, உப்பு, காரம் மூன்றும் பித்தத்தைக் கூட்டும். இனிப்பு, கசப்பு, துவர்ப்பு குறைக்கும். புளிப்பில் நெல்லிக்காயும் மாதுளையும் விதிவிலக்கு, எலுமிச்சை அந்தப் பட்டியலில் இல்லை. தேனைச் சூடாக்கிச் சாப்பிடுவதையும் ஆயுர்வேதம் ஏற்பதில்லை.

அடுத்தது தயிர். குளிர்ச்சி என்று நினைத்துத்தான் எல்லாரும் சாப்பிடுகிறோம், ஆனால் ஆயுர்வேதம் தயிரை உஷ்ணம் என்றே சொல்கிறது, ராத்திரியில் தயிர் கூடாது என்று அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் சேர்ந்த பித்தம் மழை விட்டு வெயில் அடிக்கும்போது பொங்கும் என்பதால் அந்தப் பருவத்திலும் தயிர் வேண்டாம் என்கிறது. பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசியில் நிறைய பேர் இதே தொல்லையோடு வருவதைப் பார்க்கிறேன். மோர் வேண்டுமென்றால் அன்றைக்கே கடைந்து வெண்ணெய் எடுத்த புளிக்காத மோர், அதுவும் மதியத்தில்.

இதையெல்லாம்விட உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த மூன்று மணிச் சாப்பாடு. பித்தம் ஏறுகிற நேரம் நடுப்பகல், பசியும் அப்போதுதான் நன்றாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரு டீயைக் குடித்துப் பசியை அடக்கிவிட்டு மூன்று மணிக்கு ஹோட்டலில் காரக்குழம்பு சாப்பிட்டால் எந்தச் சூரணமும் உதவாது. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள் சாப்பிடுங்கள். வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்றால் பையில் ஊறவைத்த உலர்திராட்சை ஒரு கைப்பிடி, இல்லையென்றால் நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழம் இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். பத்தரைக்குச் சாப்பிட்டு உடனே சாய்ந்தால் நெஞ்சு எரியும் என்று அலோபதி மருத்துவரும் இதையேதான் சொல்வார்.

என்ன சமைப்பது? பாசிப்பருப்பு போட்ட புடலங்காய்க் கூட்டு, சுரைக்காய், வெண்பூசணி, சாதத்தில் ஒரு தேக்கரண்டி நெய். புளியை அறவே விடுங்கள் என்று சொன்னால் நம் ஊரில் யார் கேட்கப்போகிறார்கள், எரிச்சல் அடங்கும்வரை வத்தக்குழம்பையும் ஊறுகாயையும் மட்டுமாவது தள்ளி வையுங்கள். எலுமிச்சைத் தண்ணீருக்குப் பதில் இதைச் செய்து பாருங்கள்: பத்து கிராம் தனியாவை ஒன்றிரண்டாக இடித்து, அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது அறுபது மில்லி பச்சைத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். காலையில் கசக்கி வடிகட்டி, சிறு துண்டு கல்கண்டு சேர்த்துக் குடிக்கலாம். கொதிக்க வைக்கக் கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் கல்கண்டு வேண்டாம்.

எண்ணெய்க் குளியலில் ஒரு சிக்கல் உண்டு. சூடு தணிய நல்லெண்ணெய் என்பது நம் வழக்கம், ஆனால் ஆயுர்வேதம் நல்லெண்ணெயை உஷ்ணம் என்கிறது. பழகியவர்களை நிறுத்தச் சொல்ல மாட்டேன். உடம்பில் எரிச்சல் இருக்கும்போது தேங்காய் எண்ணெய் நல்லது, உள்ளங்காலுக்கும் ராத்திரி அதையே தடவலாம்.

அப்புறம், உள்ளங்கால் எரிச்சலைப் பித்தம் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். ரத்தச் சர்க்கரையும் வைட்டமின் பி12 அளவும் பார்த்துவிடுங்கள், இரண்டில் எது சரியில்லாவிட்டாலும் கால் எரியும். அமிலம் குறைக்கும் மாத்திரையை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு, அதற்காக அந்த மாத்திரையை நீங்களே சட்டென்று நிறுத்தினாலும் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரக்கும், மருத்துவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, நெஞ்சு வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, கண் மஞ்சளாவது இவற்றையும் தள்ளிப் போடாதீர்கள்.

கடையில் அவிபத்திகர சூரணம் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். புளித்த ஏப்பத்துக்கு நல்ல மருந்துதான், ஆனால் அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு பேதியாக்கும் சிவதை வேர். பைக்கில் சுற்றும் வேலைக்கு நடுவே அதை நீங்களாக அளவு வைத்துச் சாப்பிட வேண்டாம், பரிசோதனை முடிவுகளோடு பக்கத்திலிருக்கும் ஆயுர்வேத மருத்துவரைப் பார்த்து வாங்குங்கள்.